ராத்தா சுமந்து வந்த சிலிண்டர்

மழையில் தெப்பமாக நனைந்த ஒரு பெண், மஞ்சள் நிறச் சிலிண்டர் ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல இடுப்பில் சாய்த்துக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரி வாட்டு வாசலில் வந்து நின்றாள். கடலுக்கு அடியில் இறங்குகிறவர்கள் முதுகில் கட்டிக்கொண்டு போகும் சிலிண்டர் அது. நல்ல பாரம். ஆண்பிள்ளைகளே அதை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் கண்டிருக்கிறேன். அவளோ அதை இறக்கி வைக்கக்கூட இல்லை. முக்காடு கன்னத்தோடு ஒட்டிக்கிடக்க, கால் விரல்களில் சேறு வழிய, “இந்தாங்கோ மிஸ்ஸி, இது அவர்ட சொந்தச் சிலிண்டர். நிறைச்சுக் கொண்டுவந்திட்டன்” என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. தாதியாக இத்தனை வருடம் வேலை செய்துவிட்டேன், ஆஸ்பத்திரி வாசலில் அப்படிச் சிரித்த முகத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பார்க்காதது நல்லது என்றுதான் நினைக்கிறேன். இன்னொரு தடவை அதைத் தாங்க என்னால் முடியாது.

அப்போது நான் படிப்பை முடித்து, பதிவு பெற்று, முதல் நியமனத்தில் வந்திருந்த புதுத் தாதி. எங்களுடையது பெருநிலப் பக்கத்தில் வயல் செய்யும் குடும்பம். நான் தாதியர் கல்லூரி விடுதியில் இருந்து உடற்கூறு மனப்பாடம் செய்துகொண்டிருந்த காலத்தில், அப்பாவும் அம்மாவும் எந்தப் பங்கருக்குள் இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்பதே தெரியாமல் மாதக்கணக்காகக் கிடந்திருக்கிறேன். சண்டை முடிந்து, முகாமிலிருந்து வெளியே விட்டு, கூரை போன வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டு அவர்கள் மறுபடி குடியேறினார்கள். அந்தக் கொட்டில் வாசலில் வைத்துத்தான் வெள்ளைச் சீருடையும் வெள்ளைச் சப்பாத்துமாக என்னை முதல் வேலைக்கு அனுப்பினார்கள். அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இனி யாருக்கும் ஒன்றும் ஆகாது, வீட்டிலேயே ஒரு நேர்ஸ் இருக்கிறாள் என்று அவருக்கு ஒரு எண்ணம். எனக்கும் கொஞ்சம் இருந்திருக்கும்.

மன்னார்ப் பக்கம், முசலிக் கரையோரத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் போட்டார்கள். புதிதாகப் பூச்சு அடித்த கட்டடம், ஆண்களுக்கு ஒரு வாட்டு, பெண்களுக்கு ஒரு வாட்டு, ஒரு டொக்டர், இரண்டு தாதிமார், ஒரு அற்றென்டன் அம்மா. அந்த ஊர்ச் சனம் இருபது வருடமாகப் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்த முஸ்லிம் சனம். வீடிருந்த தங்கள் வளவுகளை அவர்கள் உடைமரப் பற்றைக்குள் தேடினார்கள். பற்றையை வெட்டிக்கொண்டு போகும்போது கிணற்றுக் கட்டில் கத்தி பட்டால் ‘இது எங்கட வளவுதான்’ என்று அங்கேயே குந்திவிடுவார்கள். அதற்குப் பிறகு தறப்பாளோ தகரமோ போட்டுக்கொண்டு தொடங்க வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரி வேலிக்கு அந்தப் பக்கம் அப்படித் தொடங்கியிருந்தது ராத்தாவின் வீடு. அக்காவை அவர்கள் ராத்தா என்பார்கள். ஊரில் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன், என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட. குழந்தையாக இந்த மண்ணை விட்டுப் போனவள், புருஷனோடு திரும்பி வந்திருந்தாள். எங்கள் குவார்ட்டர்ஸ் கிணறு உப்புக் கரித்தது. அதில் தோய்த்தால் என் வெள்ளைச் சீருடை பழுப்பேறியது. அவளுடைய கிணறு நல்ல தண்ணீர். வாளியோடு போய் நின்ற முதல் நாளே என் சப்பாத்தைப் பார்த்து, “இதோட எங்கட மண்ணில நடந்தா மண்ணுக்குத்தான் வெக்கமா இருக்கும் மிஸ்ஸி” என்றாள். பிறகு வாளியை வாங்கித் தானே அள்ளித் தந்தாள். அவளிடம் மட்டும்தான் நான் உண்மையைச் சொல்லியிருந்தேன்: டொக்டர் இல்லாத நேரத்தில் பாரதூரமான நோயாளி ஒருவர் வந்துவிடுவாரோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்குவதில்லை என்று. அவள் சிரித்தாள். “அல்லாஹ் லேசாக்குவான். நீங்கள் தின்னுங்கோ.”

அவள் புருஷன் சுழியோடி. சண்டைக்காலத்தில் கடல் பூட்டிக்கிடந்தது, பாஸ் இல்லாமல் யாரும் இறங்க முடியாது. கடல் திறந்தபோது இவர்களிடம் வலையும் இல்லை, தோணியும் இல்லை. வெளியூர் முதலாளிமார் இயந்திரப் படகும் சிலிண்டரும் கொண்டுவந்து, சங்குக்கும் கடலட்டைக்கும் ஆள் தேடினார்கள். மூச்சடக்கி முக்குளிக்கத் தெரிந்த பரம்பரைதானே என்று இவர்கள் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். எவ்வளவு ஆழம் போகலாம், எத்தனை தரம் இறங்கலாம், மேலே வரும்போது எவ்வளவு மெதுவாக வரவேண்டும் என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேகமாக மேலே வந்தால் உடம்புக்குள் கரைந்திருக்கும் காற்று குமிழியாகி முதுகுத்தண்டை அடைக்கும். இதை நான் இன்றைக்கு ஒரே மூச்சில் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கும் தெரியாது. காய்ச்சல், பிரசவம், வெட்டுக்காயம், பாம்புக்கடி, எல்லாம் படித்திருந்தேன். கடலடியில் வருகிற வருத்தத்தைப் பற்றி எங்கள் பாடத்தில் ஒரு வரி இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

மாரி மழை பல நாளாக விடாமல் கொட்டியது. எங்கள் பக்கத்துக் கடலுக்கு அதுதான் அமைதியான காலம், மழையென்றும் பாராமல் சுழியோடிகள் போய்க்கொண்டிருந்தார்கள். அருவியாறு பெருகித் தெருவுக்கு மேலால் பாய்ந்தது. கூட்டத்துக்காக மன்னாருக்குப் போன டொக்டரும், லீவில் வீட்டுக்குப் போன மற்றத் தாதியும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் அம்புலன்ஸ் அதற்கு முதல் நாளே பிரசவக் கேஸ் ஒன்றோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனது, அதுவும் அந்தப் பக்கம்தான். ஆக இந்தப் பக்கம் நான், அற்றென்டன் அம்மா, வெள்ளைத் தொப்பி. நான் எதை நினைத்துச் சோறு இறங்காமல் இருந்தேனோ அது அன்று காலையில் லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் வந்து சேர்ந்தது.

மீன்பெட்டிப் பலகைகளுக்கு மேல் அவரைக் கிடத்தியிருந்தார்கள். ராத்தா தலைமாட்டில் குந்தியிருந்தாள். கூட வந்தது அவளுடைய நானா, அதாவது மூத்த சகோதரர், படகுக்குப் பொறுப்பானவர். “காத்து அடிச்சுப்போட்டுது மிஸ்ஸி” என்றார் அவர். காலையில் பல தரம் இறங்கியிருக்கிறார்கள். நடுவில் தோள் உளைந்திருக்கிறது. மறுபடி இறங்கியபோது உளைவு போய்விட்டது. கடைசியாக ஏறிவந்து படகு விளிம்பில் உட்கார்ந்தவர், எழும்ப முயன்றபோது இடுப்புக்குக் கீழே ஒன்றையும் காணவில்லை. நான் ஊசி முனையால் பாதத்தில் குத்தினேன். தெரியவில்லை. முழங்காலில் குத்தினேன். தெரியவில்லை. தொப்புளுக்குக் கிட்ட வந்தபோதுதான் முகம் சுளித்தார். என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, என்னை அவர்தான் தேற்றினார். “கால் ரெண்டையும் கடலில விட்டிட்டு வந்திட்டன் போல கிடக்கு மிஸ்ஸி. பின்னேரம் போய் எடுப்பம்.”

போனுக்கு சிக்னல் கிடைப்பது கேற்றடியில் இருந்த சீமெந்துக் கட்டின் மேல் ஏறினால் மட்டும். ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் போனையும் பிடித்துக்கொண்டு மழையில் நின்று கத்தினேன். பெரியாஸ்பத்திரி டொக்டர் நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே விளங்கிக்கொண்டார். மட்டமாகக் கிடத்து. மூச்சுக்கு ஒட்சிசன் வை, கூட்டி வை, நிறுத்தாதே. சேலைன் ஏற்று. மூத்திரம் போகாது, குழாய் போடு. ஆற்றுக்கு இந்தப் பக்கத்துக்கு அம்புலன்ஸ் அனுப்பத் தான் வழி பார்ப்பதாகச் சொன்னார். “எவ்வளவு கெதியா வருதோ அவ்வளவுக்குக் கால் மிஞ்சும்” என்றார். அந்தக் கடைசி வசனத்தை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். பிறகு நானே எத்தனையோ புதுத் தாதிமாருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

குழாய் போடுவது ஒரு பெரிய பாடு. பயிற்சிக் காலத்தில் ஆம்பிளைகளுக்கு அதை ஆண் தாதிமாரோ டொக்டரோதான் செய்வார்கள், நாங்கள் தட்டை ஏந்திக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து நிற்போம். கலியாணம் ஆகாத சைவப் பிள்ளை நான். அவர் தொழுகைக்காரர், என் முன்னால் சாரத்தின் மடிப்புக் கலையாமல் இருக்கிறவர். வயிறு கல்லுப்போல ஊதிக்கொண்டு வந்தது, அவருக்கோ அது தெரியவே இல்லை. நான் கையுறையை மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றேன். ராத்தாதான் எழும்பினாள். தன் முக்காட்டுத் துணியை விரித்து அவர் நெஞ்சுக்குக் குறுக்கே மறைப்பாகப் பிடித்தாள். “நீங்கள் கண்ணை மூடுங்கோ” என்றாள் புருஷனிடம். என்னிடம், “மிஸ்ஸி, நீங்கள் எனக்குத் தங்கச்சி. அவருக்கு மச்சினிச்சி. செய்யுங்கோ” என்றாள். செய்தேன், சரியாகத்தான் செய்தேன். பையில் தண்ணீர் இறங்கியபோது அவள் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்ற சத்தத்தைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது.

பிறகுதான் சண்டை தொடங்கியது. படகுக்கார நானா வாசலிலேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தவர், உள்ளே வந்து, “தங்கச்சி, ஆளைத் தூக்கு. கடலுக்குக் கொண்டுபோவம்” என்றார். இப்படி ஆனவர்களைத் திரும்பச் சிலிண்டர் கட்டி அதே ஆழத்துக்கு இறக்கி, மெதுமெதுவாக மேலே எடுப்பது அவர்களுடைய வழக்கம். தோள் உளைவு தண்ணீருக்குள் போனதும் மறைந்ததைக் கண்டவர்கள் அவர்கள். ஒருத்தன் நடந்து வந்தான் என்றார், பேரும் சொன்னார். அப்படி இறக்கி எடுக்கும்போது செத்துப்போனவன் ஒருத்தனும் இருந்தான், அவன் பேரை அவர் சொல்லவில்லை, வாசலில் நின்ற வேறொருவர் சொன்னார். நான் திரும்பக் கேற்றடிக்கு ஓடினேன். கூடவே கூடாது என்றார் டொக்டர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஆளை, கடலுக்குள், மழைக்குள்? ஒட்சிசனோடு இருக்கட்டும் என்றார்.

நான் வந்து அதையே சொன்னேன். படகுக்காரர் என்னைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தார். “இந்தப் பிள்ளை நேற்றுப் படிச்சு முடிச்ச பிள்ளை. கடலைப் பற்றி இதுக்கு என்ன தெரியும்?” அவர் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழையில்லை. ராத்தா என் பக்கம் திரும்பினாள். “மிஸ்ஸி, நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லுறதை நான் கேக்கிறன்.” ஐயோ, அந்தக் கேள்வியை ஏன் என்னிடம் கேட்டாள்? எனக்கு அந்த இடத்தைவிட்டு, அந்தத் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, எங்கள் வயல்வெளி வரைக்கும் ஓடிவிட வேண்டும்போல இருந்தது. “இங்கயே இருக்கட்டும் ராத்தா” என்றேன். அவள் புருஷனின் காலடியில் போய் உட்கார்ந்தாள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ஒட்சிசன் சிலிண்டர். இன்னொன்று நிரப்புவதற்காக அம்புலன்ஸோடு போயிருந்தது. அவருக்கு முகமூடி மாட்டித் திறந்துவிட்டபோது அளவு காட்டும் முள்ளு பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. டொக்டர் சொன்ன அளவுக்குத் திறந்தால் அது இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. நான் மறைத்து மறைத்துப் பார்த்தேன். இடையில் அவர் விரல் மடக்கிக் கட்டில் சட்டத்தில் தட்டினார். நான் குனிந்தேன். “தண்ணிக்குக் கீழ கதைக்கேலாது மிஸ்ஸி. கத்திப் பிடியால சிலிண்டரில தட்டுவம். தட்டினா, பக்கத்தில நிக்கிறவன் என்ன வேலையில நிண்டாலும் வரவேணும். அதுதான் எங்கட சட்டம்” என்றார். “என்ன வேணும்?” என்று கேட்டேன். “ஒண்டும் வேண்டாம். நீங்கள் வாறியளோ எண்டு பாத்தனான்.”

அம்புலன்ஸ் ஆற்றங்கரை வரைக்கும் வந்துவிட்டது, தண்ணீரைக் கடக்கப் பெரிய உழவு இயந்திரம் தேடுகிறார்கள் என்று போனில் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு நான் திரும்பி வந்தபோது வாட்டில் ராத்தாவைக் காணவில்லை, படகுக்காரரையும் காணவில்லை, லான்ட்மாஸ்டரையும் காணவில்லை. “ஒட்சிசன் எடுக்கப் போயிட்டினம் மிஸ்” என்றார் அற்றென்டன் அம்மா. “எங்கையிருந்து?” “தெரியாது. இருக்காம். எவ்வளவு வேணுமெண்டாலும் இருக்காம்.” கடற்படை முகாமில் கேட்டு எடுக்கப் போகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அங்கே மருந்துக்காரர் ஒருவர் இருப்பது தெரியும். எனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முள்ளு சிவப்புக் கோட்டுக்குள் இறங்கியபோதுகூட, வரும், வருகிறது என்று அவர் காதுக்குள் சொன்னேன்.

லான்ட்மாஸ்டர் வந்தது. அதன் பெட்டிக்குள் இரும்பும் இரும்பும் மோதும் சத்தம் வெகுதூரத்திலிருந்தே கேட்டது. கரையோர மீன்பிடி வாடிகள் எல்லாவற்றிலும் ஏறியிறங்கி, ஒவ்வொரு சுழியோடியிடமும் கேட்டு வாங்கி, இருந்ததையெல்லாம் மெஷினில் போட்டு நிறைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மழையில் நனைந்த ஆம்பிளைகள் வரிசையாக இறங்கி, வாட்டு விறாந்தையில் நீலமும் வெள்ளியுமாகச் சிலிண்டர்களை நிறுத்தினார்கள். அடுத்த நாள் கடலுக்குப் போக அவர்களிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. “இவ்வளவு போதுமே மிஸ்ஸி? காணாட்டிச் சொல்லுங்கோ, இன்னும் நிறைப்பம்” என்றார் படகுக்காரர். காலையில் என்னை ஒரு மனிதராகவும் மதிக்காதவர். அவருக்குப் பின்னால்தான் ராத்தா வந்தாள், வீட்டுக்குப் போய்த் தூக்கி, வாடியில் நிறைத்து, மற்றவர்களுக்குக் கொடுக்காமல் தானே சுமந்துவந்த அந்த மஞ்சள் சிலிண்டரோடு.

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. அவர்கள் அதை ஒட்சிசன் என்றே நம்பியிருந்தார்கள். சிலிண்டரை முதன்முதல் கொண்டுவந்தவர்கள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது ஆஸ்பத்திரியில் பார்த்த சிலிண்டரை நினைத்து இவர்களே வைத்துக்கொண்ட பெயராக இருக்கலாம். கடற்கரை முழுக்க அதற்கு ‘ஒட்சிசன் சிலிண்டர்’ என்றுதான் பேச்சு. ஒட்சிசன் உடம்புக்கு நல்லது, அதனால் எவ்வளவு நேரமும் கீழே நிற்கலாம் என்று நினைத்துத்தான் நாளுக்கு இத்தனை தரம் இறங்கியிருக்கிறார்கள். அதற்குள் இருந்தது நீங்களும் நானும் சுவாசிக்கிற வெறும் காற்று, இறுக்கி அடைத்த காற்று. அவருடைய முதுகுத்தண்டை அடைத்ததும் அதே காற்றுத்தான்.

எப்படிச் சொல்வது? அந்த விறாந்தையில் நின்ற எல்லோருக்கும் என்னைவிட வயது கூட. நான் ராத்தாவின் முகத்தைப் பார்க்காமல், மஞ்சள் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “இது ஒட்சிசன் இல்லை ராத்தா. இது காத்து.” அவளுக்கு விளங்கவில்லை. “ஓம், காத்துத்தானே மிஸ்ஸி. ஒட்சிசன் காத்து.” இல்லை என்றேன். வெளியே கையைக் காட்டினேன். “இந்தக் காத்து. சும்மா காத்து. இதை அவருக்கு வைச்சும் ஒரு பிரயோசனமும் இல்லை.” படகுக்காரர் ஒரு நீலச் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்தபடியே மெல்லக் குந்தினார். “அப்ப இவ்வளவு காலமும் நாங்கள் இழுத்தது?” என்று கேட்டார். ராத்தா சிலிண்டரை இறக்கி வைக்கவே இல்லை, இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு மாற்றி இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். “சும்மா காத்தெண்டா கெடுதி ஒண்டும் இல்லைத்தானே மிஸ்ஸி? வைச்சு விடுங்கோவன். அதில முடியுது, இதில மாத்துறம் எண்டு அவர் நினைக்கட்டும்” என்றாள் மெதுவாக.

உள்ளே இரும்பில் தட்டும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை கட்டிலில் இல்லை, தலைமாட்டில் நின்ற ஆஸ்பத்திரிச் சிலிண்டரில். ஓடினோம். முகமூடியைத் தானே கழற்றி நெஞ்சில் வைத்திருந்தார். “முடிஞ்சுது மிஸ்ஸி” என்றார். “எனக்கு முள்ளுப் பார்க்கத் தெரியும். அதுதானே என்ர தொழில்.” நான் மறைத்து மறைத்துப் பார்த்த முள்ளை அவர் காலையிலிருந்தே பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். ராத்தா அவர் காலைப் பிடித்தாள், பிடித்ததை அவர் அறியவில்லை. “கையைப் பிடி” என்றார் அவளிடம். “காலைப் பிடிச்சா எனக்குத் தெரியாது.”

உழவு இயந்திரம் பின்னேரம் வந்தது. அதன் பெட்டியில் மெத்தை போட்டு ஏற்றினோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அம்புலன்ஸில் ஒட்சிசன் இருக்கிறது, அதுவரைக்கும் மட்டமாகக் கிடக்க வேண்டும், சேலைனை உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னேன். நானும் போயிருக்க வேண்டும், போக முடியாது. பெண்கள் வாட்டில் காய்ச்சல்காரக் குழந்தைகள் கிடந்தன, வேறு தாதி இல்லை. ராத்தா பெட்டிக்குள் ஏறிச் சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்தாள். படகுக்காரர் தறப்பாளால் அவரை மூடினார். தெருவில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அது போனது. அவள் உயர்த்திய கை பற்றைக்கு மேலால் கொஞ்ச தூரம் தெரிந்தது. திரும்பி வந்தால் விறாந்தை நிறையச் சிலிண்டர்கள். அவற்றுக்கு நடுவில் நிலத்தில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதேன். காய்ச்சல்காரக் குழந்தை ஒன்று எழும்பி வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

உயிர் தப்பினார். கால் வரவில்லை. பெரியாஸ்பத்திரியிலிருந்து இன்னொரு ஆஸ்பத்திரி, அங்கிருந்து குமிழியைக் கரைக்கும் அமுக்க அறை உள்ள தூர இடம் என்று கொண்டுபோனார்கள், நேரம் கடந்துவிட்டது என்றார்கள். படகுக்காரர் நான் அந்த ஊரில் இருந்த காலம் முழுவதும், “அண்டைக்குத் தண்ணிக்குள்ள விட்டிருந்தா அவன் நடந்திருப்பான்” என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கவேண்டும் என்று சொன்னதாகத் தெரியவில்லை, ஆனால் கேட்டது. பிறகு பல டொக்டர்மாரிடம் விசாரித்திருக்கிறேன். கடலுக்குள் விட்டிருந்தால் செத்திருப்பார் என்று சிலர் அடித்துச் சொன்னார்கள். கடலில் வேலை செய்த அனுபவமுள்ள ஒரு டொக்டர் மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீ செய்தது சரி” என்றார். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ராத்தா ஒரு நாளும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போனால் முன்புபோலவே வாளியை வாங்கி அள்ளித் தந்தாள். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

இடமாற்றம் கிடைத்து, ஊர் ஊராக வேலை செய்து, இப்போது வேறு பட்டினத்தில் வாட்டுப் பொறுப்புச் சிஸ்டராக இருக்கிறேன். என் வாட்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் அழைப்பு மணி இருக்கிறது, ஒட்சிசன் சுவரிலிருந்து குழாயில் வருகிறது. போன வருடம் வேறு அலுவலாக மன்னாருக்குப் போனபோது, தார் போட்ட நல்ல காப்பெற் தெருவில், ஆற்றுக்கு மேலால் பாலத்தில் பஸ் ஓட, அந்த ஊருக்குப் போனேன். ஆறு வற்றிக் கிடந்தது. முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை.

ராத்தாவின் வீடு கல்வீடாகியிருந்தது. அவள் கொஞ்சம் தடித்திருந்தாள், முன்பல் ஒன்று போயிருந்தது, என் கறுப்புச் செருப்பைப் பார்த்து “வெள்ளைச் சப்பாத்து எங்க?” என்று கேட்டாள். அவர் உள்ளே கட்டிலில் இருந்தார். தோளும் கையும் இன்னும் கடல்காரருடைய தோளும் கையும்தான். போர்வைக்குக் கீழே இரண்டு மெல்லிய கம்புகள். படுக்கைப்புண் இல்லை. இத்தனை வருடம் படுக்கையில் கிடக்கிற ஆளுக்கு ஒரு புண்ணும் இல்லையென்றால் அதற்குப் பின்னால் எத்தனை தரம் புரட்டிப் படுக்கவைத்த கை இருக்கும் என்பது என் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே, அவர் கைக்கு எட்டும் தூரத்தில், வேப்பங்கிளையில் சங்கிலி போட்டு அந்த மஞ்சள் சிலிண்டர் தொங்கியது. அடிப்பக்கத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். மஞ்சள் பெயின்ற் அரைவாசி உரிந்து போயிருந்தது. ஜன்னல் கட்டின் மேல் ஒரு கத்தி கிடந்தது.

நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கிணற்றடிக்குப் போய் நானும் ராத்தாவும் கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்தோம். பிள்ளைகள் பற்றி, என் கலியாணம் பற்றி, அப்பா போய்ச் சேர்ந்தது பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். அவள் ஏதோ சொல்லிச் சிரித்தபோது, வீட்டுப் பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கத்திப் பிடியால் சிலிண்டரில் தட்டும் சத்தம். நான் எழும்பி, இரண்டு அடி ஓடியும்விட்டேன்.

ராத்தா பின்னால் வந்து என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“நீங்கள் இருங்கோ மிஸ்ஸி” என்றாள். “இப்ப அவர் தட்டுறது என்னைத்தான்.”

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தபடி, அவசரமில்லாமல் வீட்டுக்குள் போனாள்.